பூர்வீகம் யாருக்கு? கூலிப் பதிவேடும் தேயிலைக் கறையும்

1

எங்கள் கரிசல் பக்கத்தில் பூர்வீகம் என்றால் காகிதம். பட்டா, தாய்ப்பத்திரம், கோயிலில் மண்டகப்படி, தேருக்கு வடம் பிடிக்கிற வரிசை, காளாஞ்சி வாங்குகிற கை. இதில் ஏதாவது ஒன்றைக் காட்ட முடிந்தவனுக்கு ஊரில் பூர்வீகம் உண்டு. காட்ட முடியாதவன் ஊரில் ‘இருக்கிறவன்’, அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் எந்தக் கிராமத்துச் சேரியிலும் ஒரு பெரியவரிடம் போய், உங்க அப்பா பேரு என்ன, தாத்தா பேரு என்ன, அவருக்கு அப்பா யாரு என்று கேட்டுப் பாருங்கள். மூணாவது தலைமுறையில் பேச்சு நின்றுவிடும். அது அவருடைய மறதி இல்லை. நிலம் இல்லாதவன் பெயரை எழுதிவைக்க எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் அவசியம் வந்ததில்லை.

இதே திருச்சுழிக்கு வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். 1879இல் ரமண மகரிஷி பிறந்த வீடு இங்கே இருக்கிறது. அதைச் சுந்தர மந்திரம் என்று பெயரிட்டுப் பாதுகாக்கிறார்கள். வருகிறவர்கள் பூமிநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு, குண்டாற்றையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் பிறப்புக்கு முந்தைய மூன்று வருடங்கள், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம். கம்மாய் வெடித்து, கம்பும் வரகும் பொய்த்து, சனம் கிழக்கே கடலைப் பார்த்து நடந்த காலம் அது. யார் யார் நடந்தார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வீடு இல்லை, ஒரு நடுகல் இல்லை. எங்கள் தெருக்களில் ஒரே ஒரு வாசகம்தான் மிச்சம்: “அவுக கண்டிக்குப் போனவுக.”

நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் புலம்பெயர் இலக்கியம் என்று ஒரு தாள் உண்டு. 1983க்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களின் கவிதைகள் அதில் இருந்தன. அந்தத் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1820களில் இருந்தே கோப்பித் தோட்டத்துக்கு நடந்து போன கூலிச்சனத்துக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது. புலம்பெயர்தல் என்ற சொல் எங்கள் ஆட்களுக்கு எட்டவில்லை. எங்களுடையது ‘ஆள்கட்டு’, மற்றவர்களுடையது ‘புலப்பெயர்வு’. சொல்லிலேயே ஊரும் சேரியும் தனித்தனி.

அப்படியானால் நம்ம ஆட்களின் பெயரை யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். எழுதியவன் வெள்ளைக்காரன். எழுதிய இடம் கப்பல். சமீப ஆண்டுகளில் அந்தப் பதிவேடுகள் விட்டுவைத்த இடைவெளிகளில் இருந்து ஒரு ஓவியர் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றியும், அவரைப் போல இன்னொருவரைப் பற்றியும், அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கும்போது தலித்துகளாகிய நமக்கு எழ வேண்டிய கேள்வியைப் பற்றியுந்தான் இந்தக் கட்டுரை.

2

1860 அக்டோபர் 12ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பியது. நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் போனவர்கள் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் முதல் கூட்டம் இதுதான். 1911 வரை இந்தப் போக்குவரத்து நடந்தது. மொத்தம் சுமார் 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் தழும்பு, கையில் பச்சை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட கட்டம் அது.

தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பறையர் பெண்ணின் தகப்பன் பெயரையும், அவள் கிராமத்தையும், அவள் உயரத்தையும் ஒருசேர யாராவது எழுதியிருக்கிறார்களா? பதிவேடு அன்பினால் எழுதப்பட்டதல்ல, சரக்குப் பட்டியல்தான். ஆனாலும் அந்தச் சரக்குப் பட்டியலில்தான் நம்ம பாட்டன் பூட்டன் முதன்முதலாகத் தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு நிற்கிறான். செப்பேட்டில் இல்லாதவன் கூலிப் பதிவேட்டில் இருக்கிறான்.

ஏன் போனார்கள் என்பதற்குப் பஞ்சம், கடன், ஏமாற்று என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 1843இல்தான் கும்பினி அரசு அடிமைமுறைக்குச் சட்டத்தில் இருந்த அங்கீகாரத்தை எடுத்தது. அதுவரை தமிழ்நாட்டு வயல்களில் பள்ளரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடமானம் வைக்கவும் பட்டவர்கள். சட்டம் வந்த பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். அவனுக்குக் கப்பல் என்பது விலங்கு மட்டுமல்ல, ஊர்க்கட்டை விட்டு வெளியேறுகிற ஒரு சந்தும்கூட. ஒரு அடிமைத்தனத்தில் இருந்து இன்னொன்றுக்குத்தான் போனான். ஆனால் இரண்டாவதற்கு ஐந்து வருடம் என்று கெடு எழுதியிருந்தது. முதலாவதற்குக் கெடுவே இல்லை.

இதை நம்ம முன்னோடிகள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசிக்கப்பட்டது. கடல் தாண்டிய கூலிகளை ‘பாவப்பட்ட சனம்’ என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிற, சங்கம் வைக்கிற மனிதர்களாகப் பார்த்தார்கள்.

3

சஞ்சிந்த்யா மோகினி சிம்ப்சன் 1991இல் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் இருந்து வேலை செய்கிற ஓவியர். அவருடைய தாய்வழி முன்னோர்கள் இந்தியாவில் இருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். தாய்நாடு என்று சொல்வதற்கு அவருக்கு மூன்று கண்டங்கள் இருக்கின்றன. மூன்றிலும் முழுதாக ஒட்டவில்லை. அரசாங்கப் பதிவேடு எதை எழுதியது, எதை எழுதாமல் விட்டது என்ற இடைவெளியில்தான் அவருடைய வேலை நடக்கிறது. குறிப்பாக, தோட்டத்துக்குப் போன பெண்கள்.

அவர் எடுத்துக்கொண்ட முறையைச் சொல்ல வேண்டும். கையால் செய்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மெருகேற்றிச் செய்கிற காகிதத்துக்கு ‘வஸ்லி’ என்று பெயர். முகலாய, ராஜஸ்தானி அரசவைகளில் நுண்ணோவியம் தீட்டப் பயன்பட்ட காகிதம் அது. அந்தக் காகிதத்தில் பாதுஷா வேட்டையாடுவார், ராணி மாடத்தில் அமர்ந்து மயிலைப் பார்ப்பாள், கிருஷ்ணன் கோபியரோடு நிற்பான். சிம்ப்சன் அதே காகிதத்தில் கரும்புத் தோட்டத்தை வரைகிறார். கரும்பு வெட்டுகிற பெண்கள், காவலுக்கு நிற்கிற வெள்ளைத் துரை, அடி, வன்முறை, சாவு. அரசவை ஓவியத்துக்குரிய நுணுக்கத்தோடு, அரசவைக்குள் ஒருநாளும் நுழைந்திருக்க முடியாத உடல்கள். இது வெறும் பாணி விளையாட்டு இல்லை. யாருடைய வாழ்க்கை நுணுக்கமாக வரையத் தகுந்தது என்று முந்நூறு நானூறு வருடமாக இருந்த தீர்ப்பை அவர் மாற்றி எழுதுகிறார்.

படத்தோடு அவர் நிற்கவில்லை. மண்கலங்களையும் எரித்த கரும்பையும் காட்சிக்கு வைத்திருக்கிறார். ஒரு கண்காட்சிக்கு அவர் வைத்த பெயர் ‘ஆம் / அம்மா / மா மரம்’. இந்தியில் ஆம் என்றால் மாங்காய். அடுத்த இரண்டு சொற்கள் நமக்கு விளக்கம் தேவைப்படாதவை. தலைமுறைகள் தாண்டி, கடல்கள் தாண்டி, பல மொழிகள் உதிர்ந்துபோன ஒரு குடும்பத்தின் வாயில் மிச்சம் இருப்பது அம்மாவும் மாமரமும். அந்தப் பெயரை நான் வாசித்தபோது எனக்குப் பெருமிதம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ‘உலகமெல்லாம் தமிழ்’ என்று மாநாடு போடுகிற நாம், ஒரு பெண் அம்மா என்ற சொல்லை எப்படிக் காப்பாற்றிக் கொண்டுபோனாள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

நேட்டாலில் பெண்கூலிக்குச் சம்பளம் ஆணுக்குக் கொடுத்ததில் பாதி, படியரிசியும் பாதி. பிற்காலத்தில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று கணக்கு வைத்து அனுப்பினார்கள். கணக்கைப் பூர்த்தி செய்வதற்காகப் பெண்களைத் தேடித் திரிந்தார்கள். விதவை, புருஷனை விட்டு வந்தவள், பஞ்சத்தில் தனித்துப் போனவள். ஊர் கழித்துவிட்ட பெண்களைக் கப்பல் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இவர்களைப் பற்றித் தோட்டக்காரர்கள் எழுதியதெல்லாம் ‘ஒழுக்கம் இல்லாதவர்கள்’ என்ற ஒரே பல்லவி. நம்ம தேசியத் தலைவர்கள் ஒப்பந்தக் கூலிமுறையை எதிர்த்து எழுதியபோதும் ‘இந்தியப் பெண்ணின் கற்பு’ என்றுதான் எழுதினார்கள். துரையும் தலைவரும் ஒரே உடம்பைப் பற்றி, அவளைக் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தார்கள். சிம்ப்சனின் படங்களில் அந்தப் பெண் யாருடைய கற்புக்கும் உதாரணமாக நிற்கவில்லை. வேலை செய்கிறாள், அடிபடுகிறாள், அந்த மண்ணிலேயே வாழ்ந்து முடிக்கிறாள்.

4

இனி நம்ம கேள்வி. பதிவேட்டில் இருந்த சாதிக் கட்டம் எங்கே போனது?

ட்ரூரோ கப்பலின் பட்டியலில் பறையர் என்றும், கிறித்தவர் என்றும், மலபார் என்றும் எழுதப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் இன்றைக்குத் தென்னாப்பிரிக்கத் தமிழரின் குடும்பப் பெயர்களைப் பாருங்கள்: பிள்ளை, முதலி, நாயுடு, படையாச்சி, கவுண்டர் என்பது திரிந்து வந்த கோவெண்டர். பறையர் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவரைக் காண்பது அரிது. அப்படியென்றால் நம்ம ஆட்கள் எங்கே? எல்லோரும் இந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கிறார்கள். டிப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. தோட்டத்தில் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் எந்த வழியிலும் கழற்ற முடியாத ஒன்றைக் கடலில் கழற்றிப் போட வாய்ப்புக் கிடைத்தால் யார்தான் போடமாட்டார்கள்?

ஆனால் பேரன் பேத்தி காலத்தில் ‘பூர்வீகம்’ தேடுகிறபோது இந்த இடம் சிக்கலாகிறது. புலம்பெயர்ந்த தமிழர் தங்கள் பாரம்பரியத்தைக் கலையாகக் காட்டும்போது பெரும்பாலும் என்ன வருகிறது? கோபுரம், கோலம், பரதம், பட்டுச்சேலை, குத்துவிளக்கு. இந்தப் பட்டியலில் எந்தக் கோபுரத்துக்குள் நம்ம பாட்டன் நுழைய விட்டார்கள்? எந்தப் பட்டுச்சேலையை நம்ம பூட்டி கட்ட விட்டார்கள்? தோளில் சேலையைப் போட்டதற்கே அடித்த ஊர் இது. அந்தக் கோபுரத்தை விட்டு வெளியேறியவனின் பேத்தி கையில் அதே கோபுரத்தை ‘உன் பாரம்பரியம்’ என்று கொடுக்கிறோம். இது பரிசு இல்லை, மோசடி.

சிம்ப்சன் இந்த மோசடிக்குள் விழவில்லை. அவர் வேலையையும் உடம்பையும் கப்பலையும் வரைகிறார். அதுவே பெரிய காரியம். இருந்தாலும் நான் பார்த்த படங்களில் கோடு கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்தான் விழுகிறது. துரை ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம். கூலிக்கும் கூலிக்கும் நடுவில் இன்னொரு கோடு இருந்தது. தோட்டத்தில் சர்தார் இருந்தான், அவனும் இந்தியன்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு பேத்தி வஸ்லிக் காகிதத்தில் அந்த இரண்டாவது கோட்டைப் போட வேண்டுமென்றால், அது எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் இங்கே இருக்கிற நாம். நாம் சொல்லவில்லை.

5

நேட்டாலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் வடக்கு மாவட்டத்துக்காரர்கள். எங்கள் தெற்கத்திச் சனத்துக்குக் கண்டிச் சீமைதான். அங்கே கதை வேறு மாதிரி. நேட்டாலுக்குக் கப்பல் பதிவேடாவது இருந்தது. கண்டிக்குப் போனவர்களுக்குப் பெயர் எழுதின நோட்டு கங்காணியின் மடியில் இருந்தது.

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று கரைக்கு நடந்து, தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மாத்தளை வரை காட்டுப்பாதையில் மறுபடி நடை. காலராவிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். முதலில் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது, தோட்டங்கள் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் போட்டுப் பார்த்திருந்த தேயிலை மலையெல்லாம் பரவியது. கோப்பிக்குப் பருவத்துக்கு ஆள் போதும். தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். போனவர்கள் திரும்பாமல் போனதற்கு இந்தச் செடியின் குணமும் ஒரு காரணம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் மண்டபம் வரை போய், முகாமில் அடைபட்டு, நோய் இல்லை என்று ஆனபிறகு கடலைத் தாண்டினார்கள்.

கங்காணி பெரும்பாலும் மேல்சாதி, இல்லையென்றால் இடைச்சாதி. தன் ஊரில் இருந்தே ஆள் கட்டினான். ஊரில் யார் வயலில் வேலை செய்தானோ அவன் தலைமையிலேயே தோட்டத்திலும் வேலை. கடனும் அவன் கொடுத்ததுதான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதின ‘துண்டு’ வேண்டும். அந்தக் கடனைத் தீர்ப்பவன் ஆளை எடுத்துக்கொள்ளலாம். 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கழுத்தில் தோட்ட எண் பொறித்த தகரவில்லை தொங்கிய காலமும் உண்டு. லயங்களிலும் சாதிவாரியாகத்தான் காம்பிரா. காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். அந்தத் தப்பை அடித்தது எந்தச் சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. நேட்டாலில் சாதி பெயருக்குள் ஒளிந்துகொண்டது. கண்டியில் அது கங்காணியோடு ரயில் ஏறி அப்படியே போய் இறங்கியது.

எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா இருந்தார். மலையில் பிறந்தவர். 1970களில் தலைமன்னாரில் இருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியவர். 1948இல் இலங்கை அரசு பிரசாவுரிமைச் சட்டம் போட்டு ஏழு லட்சம் பேரை நாடில்லாதவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இருந்த 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். அந்தக் கணக்கில் இந்தியாவுக்கு விழுந்த ஒரு ஆள் எங்கள் அப்பத்தா. அவர் சொல்லுவார்:

“அங்க எங்கள இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. சாதிய மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க தாயி.”

அவருடைய அம்மா பிறந்த ஊர் எது என்று அவருக்குத் தெரியாது. ஒரு கம்மாய்க்கரை, கரைமேல் ரெட்டைப் பனை, அவ்வளவுதான் அவர் அம்மா சொன்ன அடையாளம். எங்கள் சீமையில் எந்தக் கம்மாய்க்கரையில் பனை இல்லை? கடைசியில் ஊரைக் கண்டுபிடித்தது கங்காணியின் குடும்பப் பெயரை வைத்து. அந்தக் குடும்பத்துக்கு ஊரில் காரை வீடு இருந்தது, கோயிலில் மரியாதை இருந்தது, பெயர் இருந்தது. அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது, திண்ணைக்குக் கீழே நின்றுதான் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டேன் என்றார். எந்தப் பதிவேடும் இல்லாத இடத்தில், ஆள் கட்டினவனின் பெயர்தான் நம்ம பூர்வீகத்துக்குச் சாட்சி.

6

பதிவேடு இல்லாத இடத்தில் ஒரு ஓவியர் எதை வைத்து வரைவது? மலையகத்தில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். அவர் தேயிலையை வைத்தே வரைகிறார். தேயிலைச் சாயத்தின் கறை, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற தேயிலைப் பை, இவைதான் அவருக்கு வண்ணமும் பரப்பும். தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையை அந்தக் கறைக்குள் கொண்டுவருகிறார்.

கறை என்பதைக் கவனியுங்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணின் விரல்களில் ஏறுகிற கறுப்பு கழுவினாலும் போகாது. குடிக்கிறவனுடைய கோப்பையில் படிகிற கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் போய்விடும். செடி ஒன்றுதான், கறை யார்மேல் நிற்கிறது, யாரிடம் இருந்து போகிறது என்பதுதான் வித்தியாசம். சாதியும் இப்படித்தான் வேலை செய்கிறது. தீட்டு என்று நம்ம உடம்பில் ஒட்டவைத்த ஒன்றை, அந்தத் தீட்டின் விளைச்சலைக் குடிக்கிறவன் கழுவிக்கொண்டு போய்விடுகிறான். இதை அவர் இப்படி நினைத்துத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள். படத்தின் முன்னால் நிற்பவருக்கும் ஒரு வாசிப்பு உண்டு. இது என் வாசிப்பு. ஒரு சேரிக்காரியின் வாசிப்பு.

இரண்டு ஓவியர்களையும் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒருவர் பதிவேட்டின் இடைவெளியில் இருந்து தொடங்குகிறார், இன்னொருவர் வேலையின் கறையில் இருந்து தொடங்குகிறார். இருவருமே ஊரில் இருந்து தொடங்கவில்லை. புலம்பெயர்ந்த மேல்சாதிக்காரரின் பூர்வீகத் தேடல் ஊரில் வந்து முடியும். குலதெய்வம், பங்காளி வீடு, பழைய வீட்டின் தேக்குத் தூண் என்று ஏதாவது காத்திருக்கும். நம்மவருக்கு ஊர் ஒரு முடிவு இல்லை. வந்து இறங்கினால் டீக்கடையில் முதலில் கேட்கிற கேள்வி “நீங்க எந்தத் தெருவு?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த ஊரிலும் பூர்வீகம் கண்டுபிடிக்க முடியாது. சொன்ன பிறகு அந்தப் பூர்வீகம் வேண்டுமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே நம்ம பாரம்பரியம் நடந்த வழியிலும் செய்த வேலையிலும் இருக்கிறது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை ஒட்டி, ஜூலை 28 தொடங்கித் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை சனங்கள் நடந்தார்கள். முன்னோர்கள் நடந்த அதே வழி. ஆகஸ்ட் 12இல் போய்ச் சேர்ந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அது நடந்தது. கடலுக்கு இந்தப் பக்கம், திருச்சுழியில் இருந்து தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ போகிற மீதி வழி இருக்கிறதே, அதை யார் நடப்பது? சமூகநீதி என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிற நாம் அந்தப் பாதையை அடையாளங்கூடக் காட்டி வைக்கவில்லை. மண்டபம் முகாமில் இன்றைக்கும் ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். அதே இடத்தில் ஒரு காலத்தில் நம்ம சனம் அடைபட்டுக் கிடந்தது என்பதைச் சொல்கிற பாடம் எந்தப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது? முகாமின் பழைய பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கத் திறக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மாணவத் தோழர்கள் இதை ஒரு கோரிக்கையாக எடுக்கலாம்.

அதற்கு முன்னால் நம்ம கையில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சேரிகளில் நாங்கள் சிலர் நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியிருக்கிறோம். கண்டி, ரங்கூன், மலேயா என்று எங்கே போயிருந்தாலும் சரி, உங்க குடும்பத்தில் போனவர் யார் என்று கேட்கிறோம். வயதானவர்கள் இருக்கிறபோதே கேட்க வேண்டியது இது. பத்து வருடம் கழித்துப் போனால் ரெட்டைப் பனையும் இருக்காது. நோட்டில் வெள்ளைக்காரன் போட்ட மாதிரியே கட்டம் போட்டிருக்கிறோம். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தெரு, போன காலம், போன துறை, திரும்பினாரா, கடிதமோ படமோ இருக்கிறதா. சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை, அழிக்கவும் வேண்டாம்.

வெள்ளைக்காரன் போடாத கட்டம் ஒன்றையும் கடைசியில் சேர்த்திருக்கிறோம்: ஆள் கட்டினவர் பெயர், அவருடைய சாதி.